களையெடுப்பு இரவும் கண்மூடிய இரசனையும்

மலிவான செலவில் எடுக்கப்படும் வன்முறைப் படங்களைத் திறனாய்வுக்கு உரியனவாகக் கொள்ளாமை கற்றோரிடையே நெடுநாளாக நிலவிவரும் வழக்கமாகும். அத்தகைய படங்களைப் பார்ப்போர் பெருந்தொகையினர். அவற்றைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலர். எழுதுவோருள்ளும் முகஞ்சுழிக்காது எழுதுவோர் அரியர். இவ்வழக்கத்தினால் நேரும் கேடு யாதெனில், இலட்சக்கணக்கானோர் ஒரு படத்திலிருந்து எதனை எடுத்துச் செல்கின்றனர், எதனைக் கொட்டகையிலேயே விட்டுச் செல்கின்றனர் என்னும் வினா கேட்கப்படாமலே போய்விடுகின்றது. ஜேம்ஸ் டிமொனாகோ எழுதி நெறிப்படுத்தி, 2014 யூலை 18இல் அமெரிக்காவில் வெளியான 'த பேர்ஜ்: அனார்க்கி' என்னும் படம் இவ்வினாவை எழுப்புவதற்கு ஏற்றதொரு சான்றாகும்.

'பேர்ஜ்' என்பதைக் களையெடுப்பு எனத் தமிழாக்கலாம். ஆண்டுதோறும் மார்ச் 21ஆம் நாள் மாலை 7 மணி தொடக்கம் மறுநாட் காலை 7 மணி வரை, கொலை உட்பட எல்லாக் குற்றங்களுக்கும் சட்டம் இடமளிக்கும் ஓர் அமெரிக்காவே இப்படத் தொடரின் களம். அந்தப் பன்னிரண்டு மணித்தியாலமும் பொலிஸ் இல்லை, தீயணைப்புப் படை இல்லை, வைத்தியசாலை இல்லை. மக்கள் மனத்திலே தேங்கிய வெறுப்பை ஓரிரவில் வடித்துவிட்டால் ஆண்டின் எஞ்சிய நாட்கள் அமைதியாகக் கழியும் என்பது, தம்மைப் 'புதிய தேசபிதாக்கள்' என அழைத்துக்கொள்ளும் ஆட்சியாளரின் சித்தாந்தம். 2013இல் வெளியான முதற்படம் ஏறத்தாழ 3 மில்லியன் டொலர் செலவில் உருவானது. பணமின்மையால் கதை ஒரு செல்வந்தரின் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. எனினும் உலகெங்கும் 89 மில்லியன் டொலர் அளவில் வருவாய் கிடைத்தமையால், இரண்டாம் படத்துக்கு 9 மில்லியன் ஒதுக்கப்பட்டது. ஹொலிவூட்டின் கணக்கில் அதுவும் சில்லறைதான். ஆயினும் அச்சில்லறை கதையை வீட்டுக்குள்ளிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வீதிகளுக்கு இறக்கியது. வருவாயும் 111 மில்லியனைக் கடந்தது. வெளியீட்டு நாளிற் படம் பார்த்தோரிடம் மதிப்புக் கேட்டறியும் சினமாஸ்கோர் நிறுவனத்தின் கணிப்பில் முதற்படம் 'சி' தரத்தையும் இரண்டாவது 'பி' தரத்தையும் பெற்றன. தொடர்ச்சிப் படங்கள் மூலப்படத்திலும் தாழ்ந்தே அமையும் என்னும் பொது விதிக்கு இஃது ஒரு விலக்கு. வீதி என்னும் களம் கிடைத்ததும் படம் உயிர்பெற்றது என்பதை இரசிகர்கள் சரியாகவே உணர்ந்தனர். அவ்வீதியில் நிகழ்வது யாது என்பதை உணர்ந்தனரா என்பதே வழக்கு.

பார்வையாளர் பலரது முதற் குற்றச்சாட்டு, கதை நம்பத்தக்கதாயில்லை என்பது. சட்டம் அனுமதித்தது என்பதற்காக இயல்பான மனிதர் ஓரிரவில் அயலவரைக் கொல்லப் புறப்படுவரோ என அவர்கள் வினவுகின்றனர். நியாயமான வினாவே. ஆனால் இதே வினாவைத் திரைப்படமும் கேட்டு, 'இல்லை, புறப்படமாட்டார்' என்றே விடையும் கூறிவிடுகின்றது என்பதை அவர்கள் எங்ஙனம் தவறவிட்டனர் என்பது வியப்புக்குரியது. ஏழைகள் வாழும் மாடிக் குடியிருப்பின் முன்னே பாரிய லொறிகள் வந்து நிற்கின்றன. ஆயுதந்தரித்த படையினர் இறங்கிக் கதவுகளை உடைத்து உள்ளே நுழைகின்றனர். அவர்கள் வெறியேறிய அயலவர் அல்லர்; ஆணையின்படி இயங்குவோர். அவர்களின் தலைவன் இறுதியில் அதற்கான காரணத்தைத் தன் வாயாலேயே கூறுகின்றான்: குடிமக்கள் போதிய அளவில் ஒருவரையொருவர் கொல்வதில்லை, ஆதலின் எண்ணிக்கையைச் சரிசெய்ய அரசே இரகசியமாகப் படையை அனுப்புகின்றது. மனிதனின் உள்ளே உறங்கும் மிருகம் என்பது ஆட்சியாளர் பரப்பிய கதை. அம்மிருகம் எழாதபோது அதற்கு மாற்றாகச் சீருடையாளரை ஏவும் நிருவாக ஏற்பாடே உண்மை. படத்தின் தொடக்கத்தில் திரையில் எழுதிக் காட்டப்படும் வாசகமும் இதனோடு சேர்த்து நோக்கற்பாலது. 2023ஆம் ஆண்டில் வேலையின்மை 5 வீதத்துக்கும் குறைவு. வறுமைக்கோட்டின் கீழ் வாழ்வோர் தொகையும் ஆண்டுதோறும் குறைந்து செல்கின்றது என்று அது பெருமைப்படுகின்றது. வறியோரைக் கொன்றால் வறியோர் தொகை குறையத்தானே செய்யும்! புள்ளிவிபரத்தைக் கண்டு மயங்குவோர்க்கு இதனிலும் கூர்மையான பரிகாசத்தை அண்மைக்கால ஹொலிவூட்டிற் காண்டல் அரிது.

இதனையும் கற்பனையின் மிகை என ஒதுக்குவோர் அமெரிக்க வரலாற்றின் சில ஏடுகளைப் புரட்டிப் பார்த்தல் நன்று. 1921ஆம் ஆண்டு மே 31, யூன் 1 ஆகிய இரு நாட்களிலும் ஒக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில், கறுப்பின மக்கள் செழிப்புற வாழ்ந்த கிறீன்வூட் பகுதியில் ஏறத்தாழ 35 வீதித்தொகுதிகள் தீக்கிரையாயின. நகர அதிகாரிகள் வெள்ளையர் பலரைத் துணைக் காவலராக நியமித்ததையும், அவர்களுட் சிலருக்கு ஆயுதம் வழங்கப்பட்டதையும் 2001இல் வெளியான மாநில ஆணைக்குழுவின் அறிக்கை பதிவு செய்துள்ளது. 'இனக்கலவரம்' என்னும் பெயரே நெடுங்காலமாக அதற்கு வழங்கிவந்தது. இரு தரப்பார் தாமாகவே கிளர்ந்து மோதிக்கொண்டனர் என்னும் பொருளைத் தருவது அச்சொல். துணைக் காவலர் நியமனத்துக்கு அதில் இடமில்லை. மலிவான ஒரு வன்முறைப் படம் அச்சொல்லின் உள்ளே ஒளிந்திருந்த லொறியை வெளியே இழுத்து நிறுத்திவிட்டது.

அடுத்து எழுவது, சண்டை நன்றாயிருந்தது, அரசியல்தான் வேண்டாத சுமை என்னும் கருத்து. இதில் ஓர் அரைகுறை உண்மை உண்டு. கார்மெலோ ஜோன்ஸ் என்னும் கிளர்ச்சித் தலைவர் திரையில் தோன்றி ஆற்றும் உரைகள் மேடைப் பேச்சுக்களே. பாத்திரத்தின் வாயில் நெறியாளர் பேசுகின்றார். ஆனால் படத்தின் அரசியல் அவ்வுரைகளில் இல்லை. ஈவா என்னும் பெண் உணவகமொன்றிற் பரிமாறுபவர். நோயுற்ற தந்தைக்கு மருந்து வாங்குதற்குச் சம்பள உயர்வு கேட்டு அலைபவர். களையெடுப்பு இரவில் அம்முதியவர் மகளுக்கும் பேத்திக்கும் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு, வந்து நிற்கும் சொகுசு வாகனத்தில் ஏறிச் செல்கின்றார். 1,00,000 டொலருக்குத் தம்மைக் கொல்லும் உரிமையை ஒரு செல்வந்தக் குடும்பத்துக்கு அவர் விற்றுவிட்டார். அக்குடும்பத்தின் வீட்டில் தளபாடங்கள் பிளாஸ்ரிக் விரிப்புக்களால் மூடப்பட்டிருக்கின்றன. குடும்பத்தார் நல்ல உடையணிந்து, கத்திகளோடு, பண்போடு சூழ்ந்து நிற்கின்றனர்.

இக்காட்சியில் துப்பாக்கி வெடிக்கவில்லை, துரத்தல் இல்லை, சினம் என்பது மருந்துக்கும் இல்லை. ஓர் ஒப்பந்தம் நிறைவேற்றப்படுகின்றது, அவ்வளவே. மருந்தின் விலையும், சம்பளத்தின் அளவும், மனித உடலின் சந்தைப் பெறுமதியும் ஒரே கணக்கேட்டில் வந்து சேர்கின்றன. அரசியலை விலக்கிவிட்டு இக்காட்சியை எங்ஙனம் இரசிப்பது? விலக்கினால் எஞ்சுவது ஒரு கிழவரும் சில விரிப்புக்களுமே. முகமூடியணிந்து வீதிகளிற் திரியும் இளைஞர் கூட்டமும் இவ்வாறானதே. விளம்பரத்திலும் படத்தின் முற்பாதியிலும் அவர்களே பேரச்சத்தின் உருவம். பின்னர்த் தெரியவருவது வேறு. அவர்கள் கொல்ல வந்தவர் அல்லர். ஆட்களைப் பிடித்துச் செல்வந்தரின் ஏலக்கூடத்துக்கு விற்கும் கூலிகள். செல்வந்தர் ஏலத்தில் எடுத்தவர்களை அடைத்த மைதானத்தில் விட்டு, இருளிற் காட்டும் கண்ணாடிகளை அணிந்து வேட்டையாடுகின்றனர். யாருக்கு அஞ்சுமாறு பார்வையாளர் பழக்கப்பட்டுள்ளனரோ அவரை முதலில் முன்னிறுத்தி, அவருக்குக் கூலி கொடுப்பவரைப் பின்னர் காட்டும் இந்த அமைப்பு வெறும் பரபரப்பு உத்தியன்று.

மூன்றாவது கூட்டத்தார் ஒழுக்கவாதிகள். வன்முறையைக் கண்டிப்பதாகக் கூறிக்கொண்டு வன்முறையையே இப்படம் விற்கின்றது என்பது அவர்களின் வாதம். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. வேட்டைக்கு வந்த செல்வந்தர் ஒவ்வொருவராய்ச் சுடப்படும்போது கொட்டகையில் எழும் ஆரவாரம், களையெடுப்புச் சித்தாந்தத்துக்குப் பார்வையாளர் செலுத்தும் சந்தாவே எனல் தகும். ஆனால் இதே ஒழுக்கவாதம் எல்லாப் படங்கள் மீதும் ஒரே அளவில் இறங்குவதில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அதே ஆண்டின் இறுதியில் 'அமெரிக்கன் ஸ்னைப்பர்' வெளியானது. ஈராக்கியரைத் தொலைவிலிருந்து சுட்டு வீழ்த்திய படைவீரர் ஒருவரின் கதையான அது சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பெரும் பணம் செலவிட்டு அயல்நாட்டாரைச் சுட்டால் கலை. சிறு பணத்தில் உள்ளூர்ச் செல்வந்தரைச் சுட்டால் இரசனைக் கேடு போலும்.

படத்தின் மெய்யான குறை ஒழுக்கவாதிகள் சுட்டும் இடத்தில் இல்லை. அரசியல் மிகுந்தமையன்று, அரசியல் பாதி வழியிற் களைத்துப் போனமையே அதன் குறை. பிராங்க் கிரில்லோ நடித்த சார்ஜன்ட் பாத்திரம், தன் மகனைக் குடிபோதையில் வாகனமோட்டிக் கொன்றவனைப் பழிவாங்கப் புறப்பட்டு, ஈவாவும் அவள் மகளும் இரந்து கேட்க அவனை மன்னித்துவிடுகின்றது. மன்னிக்கப்பட்டவனே பின்னர் படைத்தலைவனைச் சுட்டு வீழ்த்திச் சார்ஜன்டின் உயிரைக் காக்கின்றான். தனிமனித மட்டத்தில் இது நெகிழ்ச்சியான முடிவு. ஆனால் லொறிகளை அனுப்பிய நிருவாகத்துக்கு இம்மன்னிப்பினால் ஒரு கீறலும் நேரவில்லை. ஏலக்கூடத்தின் சீமாட்டிகளும் அரக்கராகவே வரையப்பட்டுள்ளனர். அரக்கரை வெறுத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பலாம். பிளாஸ்ரிக் விரிப்பின் நடுவே பண்போடு நின்ற அக்குடும்பத்தை அங்ஙனம் வெறுத்து ஒதுக்க முடியாது. அவர்களைப் போன்றோர் எங்கும் உளர். அந்தக் குடும்பத்தைப் படம் ஒரே காட்சியோடு கைவிட்டமை பெருந்தவறு. பின்னர் 2016, 2018, 2021 என மேலும் மூன்று படங்களும் ஒரு தொலைக்காட்சித் தொடரும் வந்தன. 2018ஆம் ஆண்டுப் படத்தின் விளம்பரம், ஜனாதிபதி ட்ரம்பின் ஆதரவாளர் அணிந்த சிவப்புத் தொப்பியையே படமாக்கி விற்றது. கண்டனமும் வியாபாரமும் ஒரே கடையில் அமோகமாக நடைபெற்றன.

இவ்வளவும் திரைக்குள் முடிந்திருப்பின் இரசனை வேறுபாடு என விட்டுவிடலாம். படம் வெளியாகி 22 நாட்களின் பின்னர், 2014 ஓகஸ்ட் 9இல், மிசூரி மாநிலத்தின் பேர்குசன் நகரில் மைக்கேல் பிரௌன் என்னும் 18 வயதுக் கறுப்பின இளைஞர் பொலிஸாரினால் சுட்டுக் கொல்லப்பட்டார். எதிர்ப்புத் தெரிவிக்க வீதிக்கு வந்தோரின் முன்னே கவசவாகனங்கள் வந்து நின்றன. படத்திற் கண்ட லொறிகளை வீதியிற் கண்டபோது 'நம்பத்தக்கதன்று' என்னும் வாதம் சற்றே ஓய்ந்திருக்க வேண்டும். ஓய்ந்ததாகத் தெரியவில்லை.

மறுவருடம் மேரிலாண்ட் மாநிலத்தின் பால்டிமோர் நகரில் நிகழ்ந்தது இன்னும் கருதத்தக்கது. பொலிஸ் காவலிற் காயமுற்று இறந்த பிரெடி கிரேயின் இறுதிச் சடங்கு 2015 ஏப்ரில் 27இல் நடைபெற்றது. அன்று பிற்பகல் 3 மணிக்கு மொண்டோமின் கடைத்தொகுதியில் 'பேர்ஜ்' தொடங்கும் என்றொரு அறிவித்தல் மாணவரிடையே கைத்தொலைபேசிகளிற் பரவியது. அக்கடைத்தொகுதியின் அருகே ஓர் உயர்நிலைப் பாடசாலை உண்டு; வறிய பகுதிகளின் மாணவர் பேருந்தும் புகையிரதமும் மாறி வீடு செல்லும் சந்தியும் அதுவே. பாடசாலை விடும் வேளைக்கு முன்னரே கலகமடக்கும் உடையணிந்த பொலிஸார் அங்கே நிரையாக நின்றனர். புகையிரத நிலையம் மூடப்பட்டது, பேருந்துகள் நிறுத்தப்பட்டன. புத்தகப் பையோடு வெளியே வந்த பிள்ளைகளுக்கு வீடு செல்ல வழியில்லை, எதிரே கேடயங்கள். கற்கள் பறந்தன. இரவில் நகரம் எரிந்தது. அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. தேசியக் காவற்படை வந்து இறங்கியது.

அந்த ஒற்றைச் சொல்லைப் படித்த அதிகாரிகளின் மனத்தில் எழுந்தது முகமூடி இளைஞரின் உருவமேயன்றி லொறி அன்று. படத்தின் முற்பாதியோடு அவர்கள் எழுந்து சென்றுவிட்டனர் போலும். 'சண்டை நன்று, அரசியல் சுமை' எனக் கூறி அரசியலை மட்டும் கொட்டகையில் விட்டுவந்த பார்வையாளரும் அதே பாதியைத்தான் வீட்டுக்கு எடுத்துச் சென்றனர்.