சோலைக்கு பெயர் இருக்கு, புல்வெளிக்கு இல்லை... 'தரிசு' என்ற சொல்லால் பழனி மலை இழந்தது என்ன? | விளக்கம்

கொடைக்கானல் போனவர்கள் யாரும் பைன் காட்டில் போட்டோ எடுக்காமல் திரும்புவதில்லை. ஆனா பைன் இந்த மலையின் மரமே இல்லை. சீகையும் யூகலிப்டஸும் அப்படித்தான். இந்த மூன்று மரங்களும் இன்று நிற்கும் மலைச் சரிவுகளில் பெரும்பகுதி ஒரு காலத்தில் வெறும் புல்வெளி.

'வெறும்' புல்வெளி. பிரச்னை தொடங்குவது இந்த 'வெறும்' என்ற சொல்லில்தான். ஒரு நிலத்தை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம் என்பது அந்த நிலத்தின் தலையெழுத்தையே மாற்றுமா? பழனி மலையில் மாற்றியிருக்கு. எப்படின்னு பார்க்கலாம்.

போளூர் பக்கம் என்ன இருக்கு?

கொடைக்கானலில் இருந்து பூம்பாறை, மன்னவனூர் தாண்டி மேற்கே போனால் பூண்டி, கவுஞ்சி, போளூர், கிளாவரை என்று மேல்மலை கிராமங்கள் வரும். அதற்கு அப்புறம் கேரள எல்லை. படிப்படியான வயல்களில் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பூண்டு விளைகிறது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு இந்த மலையின் சரக்குதான்.

வயலுக்கு மேலே பார்த்தால் மலையின் பழைய முகம் அங்கங்கே தெரியும். நீரோடை ஓடும் பள்ளத்தில் அடர்த்தியான குட்டை மரக்காடு, அதைச் சுற்றி மேட்டில் புல். பள்ளத்தில் இருக்கும் காட்டுக்கு சோலை என்று பெயர். மேட்டில் இருப்பது புல்வெளி. ரெண்டும் சேர்ந்ததுதான் இந்த மலை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பகுதிகளில், அதாவது நீலகிரி, ஆனைமலை, மூணாறு பக்கமும் இதே அமைப்புதான்.

எவ்வளவு காணாமல் போச்சு?

பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை வைத்து திருப்பதி ஐசர் உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 2018-ல் 'பிளாஸ் ஒன்' ஆய்விதழில் வெளியானது. 1973 முதல் 2014 வரையிலான மாற்றத்தை அவர்கள் கணக்கிட்டார்கள்.

• புல்வெளியில் 66 சதவீதம் போய்விட்டது.
• சோலைக்காட்டில் 31 சதவீதம் குறைந்திருக்கிறது.
• அந்த இடங்களில் அந்நிய மரத் தோட்டங்களும் விவசாய நிலமும் பரவியிருக்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது முதல் வரி. 'காடு அழியுது' என்றுதான் எல்லாரும் பேசுகிறோம். ஆனா அதிகமாக அழிந்தது காடு இல்லை, புல். அது அழிந்தபோது யாருக்கும் உறுத்தவில்லை. ஏன்னா, அங்கே மரம் வந்தது. மரம் வந்தா நல்லதுதானே என்று நினைத்துவிட்டோம்.

'தரிசு' என்று எழுதியது யார்?

ஆங்கிலேயர் கால வருவாய் நிர்வாகத்துக்கு நிலம் என்றால் ரெண்டே வகைதான். ஒன்று வரி தருவது, இன்னொன்று தராதது. பயிரும் இல்லாமல், வெட்டி விற்க மரமும் இல்லாமல் கிடந்தது அவர்கள் கணக்கில் 'வேஸ்ட்'. அதுக்கு தமிழில் நாம் வைத்த பெயர் தரிசு. 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு' போன்ற வகைப்பாடுகள் இன்றைக்கும் கிராம கணக்குகளில் உண்டு.

'புறம்போக்கு' கதையும் இதேதான். வரிக்கணக்குக்கு வெளியே, ஊருக்குப் பொதுவாக விடப்பட்ட நிலம் என்பதுதான் பொருள். ஏரி, குளம், மேய்ச்சல் நிலம் எல்லாம் அதில் அடங்கும். இன்றைக்கு அது ஒரு திட்டும் சொல். சொல்லின் மதிப்பு குறைந்த அளவுக்கு நிலத்தின் மதிப்பும் குறைந்துபோனது.

மலைப் புல்வெளி இப்படித்தான் 'சும்மா கிடக்கிற இடம்' ஆனது. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை. தோல் பதனிட சீகைப் பட்டை வேண்டும், காகிதத்துக்கும் ரேயானுக்கும் மரக்கூழ் வேண்டும், விறகு வேண்டும். எங்கே நடுவது? சும்மா கிடக்கிற இடத்தில்தான்.

'புல்வெளி என்பதே காடு அழிந்து உருவானதுதானே' என்று ஒரு வாதம் உண்டு. நீலகிரியின் சதுப்பு மண்ணை ஆராய்ந்து 1993-ல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு அதற்குப் பதில் சொல்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மலை உச்சிகளில் புல் இருந்திருக்கிறது. குளிர்காலத்தில் திறந்த மேடுகளில் உறைபனி விழும். சோலை மரக் கன்றுகள் அதைத் தாங்குவது கஷ்டம். புல் தாங்கும்.

உலகம் சுற்றிய சோலை

இங்கேதான் ஒரு சுவாரஸ்யம். சோலை என்ற நம்ம சொல் 'ஷோலா' என்று ஆங்கிலத்துக்குப் போய், உலக தாவரவியல் நூல்களில் உட்கார்ந்துவிட்டது. 2017-ல் இந்த மலைகளில் வாழும் சிறு பறவைகளுக்கு ஒரு புதிய பேரினம் உருவாக்கப்பட்டது. அதன் அறிவியல் பெயர் 'ஷோலிகோலா'. சோலையில் வாழ்வது என்று அர்த்தம்.

தமிழில் சோலை என்றால் எந்த மரத்தோப்பும் சோலைதான். மாஞ்சோலை, பூஞ்சோலை என்கிறோம். ஆனா ஆங்கிலத்துக்குப் போன ஷோலா, மலை உச்சிப் பள்ளத்தில் இருக்கும் அந்தக் குறிப்பிட்ட காட்டை மட்டுமே குறிக்கும்.

கட்டுமரத்துக்கும் இதுதான் நடந்தது. 1697-ல் வெளியான தன் பயண நூலில் ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் அந்தச் சொல்லை எழுதினார். இன்று உலகம் முழுக்க 'கேட்டமரான்' என்றால் ரெண்டு உடல் கொண்ட சொகுசுப் படகு. மரங்களைக் கயிற்றால் கட்டி அலையைத் தாண்டிய நம்ம கட்டுமரத்துக்கும் அதுக்கும் தோற்றத்தில் பெரிய ஒற்றுமை இல்லை. சொல் போய்ச்சேர்ந்தது, பொருள் மாறிப்போச்சு.

மலையில் நடந்தது இன்னும் சிக்கலானது. சோலை, புல்வெளி என்ற ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் உலகப் பெயர் கிடைத்தது. மற்றொன்று பொதுவாக 'புல்' என்றே நின்றுவிட்டது. அதனால்தான் 'மலையை மீட்போம்' என்று யார் கிளம்பினாலும் முதலில் நினைவுக்கு வருவது சோலை மரக்கன்று. புல்வெளியாக இருந்த மேட்டில் சோலை மரத்தை நட்டாலும் அது மீட்பு ஆகாது என்று 2018 ஆய்வு எச்சரிப்பது இதைத்தான்.

கடலோரத்தில் எப்படி?

கொடைக்கானல் என்ற பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 'கானல்' என்பது சங்க இலக்கியத்தில் கடற்கரைச் சோலையைக் குறிக்கும் நெய்தல் நிலச் சொல். மலையில் கொடைக்கானல், வட்டக்கானல் என்று ஊர்ப் பெயர்களில் நிற்கிறது. மலைக்கும் கடலுக்கும் சொல் பொதுவாக இருந்திருக்கிறது.

'ஒண்ணுமே இல்லாத' இடத்துக்கும் பெயர் வைக்க முடியும் என்பதைக் கடலோர மக்களிடம்தான் பார்க்கணும். கரையில் நின்று பார்க்கிற நமக்குக் கடல் வெறும் நீலம். கடலோடிகளுக்கு அப்படி இல்லை. கண்ணுக்கே தெரியாத காற்றுக்குக்கூட திசைவாரியாக பெயர் உண்டு:

• வாடை: வடக்கில் இருந்து வீசுவது
• தென்றல்: தெற்கில் இருந்து
• கொண்டல்: கிழக்கில் இருந்து
• கோடை: மேற்கில் இருந்து

இவை பழந்தமிழ்ப் பெயர்கள். கச்சான், சோழகம் போன்ற பெயர்களும் மீனவர் பேச்சில் உண்டு. எந்தக் காற்றில் பாய் விரிக்கலாம், எதில் கரை திரும்பணும் என்ற அறிவு அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கு. தண்ணீருக்கு அடியில் இருக்கும் பாறைத் திட்டுக்கு 'பார்' என்று பெயர். மன்னார் வளைகுடாவில் முத்து எடுத்தது இந்தப் பார்களில்தான்.

பாக் நீரிணைப் பகுதி மீனவர்கள் 'ஆவுளியா' என்று சொல்லும் கடற்பசுவுக்காக 2022 செப்டம்பரில் தமிழக அரசு சுமார் 448 சதுர கி.மீ. பரப்பில் பாதுகாப்பகம் அறிவித்தது. இந்தியாவில் இதுதான் முதல் கடற்பசு பாதுகாப்பகம். இந்த அறிவிப்பில் ஒரு விஷயம் முக்கியம். கடற்பசு சாப்பிடுவது கடலுக்கு அடியில் வளரும் கடற்புல். விலங்கைக் காப்பாற்ற அங்கே புல்லையும் சேர்த்தே பாதுகாக்கிறார்கள். மலையில் நாம் செய்யத் தவறியது அதைத்தான்.

புல் போனா என்ன நஷ்டம்?

தண்ணீர்: பழனி மலையின் ஓடைகள் தெற்கே வைகைக்கும், வடக்கிலும் மேற்கிலும் அமராவதி போன்ற ஆறுகளுக்கும் போகின்றன. நீலகிரி கிளென்மார்கனில் புல்வெளியில் யூகலிப்டஸ் நட்டு, பல ஆண்டுகள் நீர்வரத்தை அளந்தார்கள். முதல் பத்தாண்டு சுழற்சியில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய மரம் மறுபடி துளிர்த்த இரண்டாவது சுழற்சியில் சுமார் 25 சதவீதம் குறைந்தது. மலையில் புல்லை இழந்தால் சமவெளி விவசாயி தண்ணீரை இழப்பார் என்பதுதான் இதன் அர்த்தம்.

குறிஞ்சி: 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி அடர்ந்த சோலைக்குள் வளர்வதில்லை. திறந்த புல் சரிவுதான் அதன் வீடு. 2006, 2018-ல் பூத்தது. அடுத்து 2030.

வரையாடு: 'வரை' என்றால் மலை. கிளாவரையிலும் அந்தச் சொல்லின் சாயல் இருக்கு. ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் இதை 'ஐபெக்ஸ்' என்றார்கள். ஆனா அது ஐபெக்ஸ் இல்லை. நம்ம மாநில விலங்கான வரையாடு புல் மேய்ந்து, செங்குத்துப் பாறையில் தப்பிக்கிற விலங்கு. மேட்டில் புல்லுக்குப் பதில் சீகை நின்றால் அதற்கு மேய்ச்சலும் இல்லை, ஓடிவர வழியும் இல்லை.

அரசு என்ன செய்கிறது?

2013-ல் கொடைக்கானல் வன உயிரின சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அந்நிய தாவரங்களை அகற்றுவது பற்றி சென்னை உயர் நீதிமன்றம் தொடர்ந்து உத்தரவுகள் பிறப்பித்திருக்கிறது. 2022-ல் தமிழக அரசு இதற்கென தனிக் கொள்கையே வெளியிட்டது. வரையாடு பாதுகாப்புத் திட்டம் 2023-ல் தொடங்கியது.

ஆனா இன்னொரு பக்கம் ஒரு முரண் இருக்கு. இந்திய வன அளவைத் துறையின் கணக்குப்படி, ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட இடத்தில் மரநிழல் 10 சதவீதம் இருந்தாலே அது 'வனப்பரப்பு'. என்ன மரம் என்ற கேள்வியே கிடையாது. அப்படின்னா, சீகைத் தோப்பு வனப்பரப்பில் சேரும், பல்லாயிரம் ஆண்டு பழைய புல்வெளி சேராது.

இதன் விளைவைப் பாருங்கள். மேல்மலையில் ஒரு சரிவில் சீகையை அகற்றி, புல்லை வெற்றிகரமாகக் கொண்டு வந்தால், அறிக்கையில் வனப்பரப்பு 'குறையும்'. பசுமைத் தமிழ்நாடு இயக்கம் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்க இலக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் மலைப் புல்லுக்கு எந்த வரிசையில் இடம் என்பது இன்றைக்கு கேட்க வேண்டிய கேள்வி.

வெட்டிவிட்டால் போதுமா?

போதாது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டதும் கும்பலாக முளைக்கும். ஒருமுறை வெட்டிவிட்டுப் போனால் முன்பைவிட அடர்த்தியாக வந்து நிற்கும். நாற்றைப் பிடுங்கும் வேலை வருஷக்கணக்கில் தொடரணும்.

எல்லா இடத்துக்கும் ஒரே வழியும் சரிவராது. கொடைக்கானலில் பழைய தோட்டங்களின் நிழலில் சோலைக் கன்றுகள் தானாக முளைத்து வருவதும் பதிவாகியிருக்கிறது. அங்கே அவசரமாக வெட்டினால் வருகிற சோலையும் போகும். அதனால் மீதமிருக்கும் புல்வெளியின் விளிம்பில் பரவத் தொடங்கிய இளம் சீகையை முதலில் எடுப்பது செலவும் குறைவு, பலனும் அதிகம்.

மேல்மலை மக்களையும் மறக்கக்கூடாது. சீகை அவர்களுக்கு விறகு. புல்வெளி குறைந்ததில் விவசாயத்துக்கும் பங்கு உண்டு, ஆனா அது அவர்களின் பிழைப்பு. மரம் அகற்றும் வேலையும், நாற்று பிடுங்கும் கூலியும், மாற்று எரிபொருளும் அவர்களுக்குக் கிடைக்காமல் எந்தத் திட்டமும் நிற்காது.

சொல்லை மாற்றினால் நிலம் மாறுமா?

சொல் மட்டும் மாறினால் புல் முளைக்காதுதான். ஆனா அரசு கணக்கில் ஒரு நிலத்துக்குப் பெயர் வந்த பிறகுதான் அதற்கு அளவு வரும், நிதி வரும், பொறுப்பு அதிகாரி வருவார். மலைப்பூண்டுக்குக் குறியீடு கிடைத்ததும் வேறு ஊர்ப் பூண்டை அந்தப் பெயரில் விற்பது சட்டப்படி தவறு ஆனது. மலைப் புல்வெளியையும் 'தரிசு', 'திறந்தவெளி' போன்ற தலைப்புகளில் இருந்து எடுத்து, தனி வாழிடமாகப் பதிவு செய்து, அதன் பரப்பையும் தனியாக வெளியிடச் சொல்லி ஆய்வாளர்கள் கேட்பது இதற்காகத்தான்.

அடுத்த வனப்பரப்பு அறிக்கை வரும்போது 'இத்தனை சதுர கி.மீ. கூடியிருக்கு' என்று செய்தி வரும். அப்போது கூடியது எந்த மரம், அது எதன் மேல் நிற்கிறது என்றும் சேர்த்துக் கேளுங்கள். 2030-ல் குறிஞ்சி பூக்க எவ்வளவு சரிவு மிச்சம் இருக்கும் என்பது அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் இருக்கிறது.