தொட்டில் எங்கே?

ஊத்தங்கரையில் பொழுது புலருமுன் ஆலை பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் தாயைப் பாருங்கள், தோழர்களே! கை இயந்திரத்தில் இருக்கும். நெஞ்சோ விட்டு வந்த பிள்ளையிடம் கிடக்கும்.

ஐம்பது பெண்களுக்கு மேல் உழைக்கும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்று 1948-லேயே சட்டம் சொன்னது. 1976-ல் அந்த எண் 30 ஆயிற்று. தாய் நாளுக்கு நான்கு முறை சென்று பிள்ளையைப் பார்க்கலாம் என்றது 2017-ம் ஆண்டுத் திருத்தம். ஏட்டில் ஆடும் தொட்டில் எத்தனை ஆலைகளில் ஆடுகிறது என்று கேட்கிறோம். ஓசூர் ஆலையிலேயே ஆடினாலும், கைக்குழந்தையை விடியற்காலைப் பனியில் அத்தனை தூரம் சுமப்பதா? அங்கன்வாடி உண்டே என்பர். உண்டு, ஷிப்டு முடியுமுன் அதன் கதவு சாத்தப்படுகிறதே!

ஆகவேதான் தாய்மார் தனியார் காப்பகம் தேடுகிறார்கள். தேடுவது அவர்கள் வேலை என்று தகப்பன்மார் ஒதுங்குவது நியாயமல்ல. சுவரில் தீட்டிய பொம்மைகளைக் கண்டு மயங்காதீர்! கூரை என்ன, அடுப்பு எங்கே, இரண்டாவது வாசல் எங்கே என்று கேளுங்கள். 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளியில் கீற்றுக் கூரை பற்றி 94 குழந்தைகள் கருகினரே, மறந்தோமா? ஓர் ஆயாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்றும் கேளுங்கள். ஒரு நாள் சொல்லாமல் உச்சிப்பொழுதில் போய் நில்லுங்கள்; அழும் பிள்ளையை அவர் எப்படித் தூக்குகிறார் என்று பாருங்கள். உள்ளே விட மறுக்கும் இடமா? பிள்ளையை அங்கே விடாதீர்கள்.