தொப்புள்கொடிக்கு ஒரு மரப்பெட்டி

என் தங்கைக்குத் தலைப்பிரசவம். அவள் கணவருக்கு ஜப்பானில் யோகோஹாமா நகரத்தில் உத்தியோகம். எங்கள் அம்மா இருந்திருந்தால் ஏழாம் மாதமே வளையல் அடுக்கிக் கையோடு அழைத்து வந்திருப்பாள். அம்மா போய் மூன்று வருஷமாகிறது. "அக்கா, நீயே இங்கே வந்துடேன்" என்று தங்கை போனில் கேட்டபோது குரல் தழுதழுத்தது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், விமானத்தையே அண்ணாந்து பார்த்துத்தான் பழக்கம். ஆனாலும் சுக்கு, மிளகு, ஓமம் எல்லாவற்றையும் பொட்டலம் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பாஷை தெரியாத ஊரில் எப்படிப் பிரசவம் பார்க்கப் போகிறோம் என்று உள்ளுக்குள் உதறல்தான். போன மறுநாள் கீழ்வீட்டுப் பாட்டி குனிந்து வணக்கம் சொல்லி, "யார் இவர்?" என்று கேட்டாள். "அம்மா இல்லாததால் அக்கா வந்திருக்கிறாள்" என்று தங்கை ஜப்பானிய மொழியில் சொன்னதும், பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். விஷயம் என்ன தெரியுமா? பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போகும் வழக்கம் அங்கேயும் உண்டாம்! 'சதோகயேரி' என்று பெயர். குழந்தைக்கு ஒரு மாதம் ஆகும் வரை பிறந்தகத்திலேயே இருப்பார்களாம். அதைக் கேட்டதும் என் பயத்தில் பாதி போய்விட்டது.

நமக்கு வளைகாப்பு மாதிரி அவர்களுக்கும் ஒரு சடங்கு உண்டு. ஐந்தாம் மாதத்தில் 'நாய் நாள்' என்று அவர்கள் பஞ்சாங்கத்தில் வரும் நாளில், கர்ப்பிணியின் வயிற்றில் நீளமான துணியைச் சுற்றிக் கட்டுகிறார்கள். நாய் சிரமமில்லாமல் குட்டி போடுகிறதல்லவா, அதுபோல சுகப்பிரசவம் ஆகட்டும் என்ற வேண்டுதல். ரயிலில் போகும்போது தங்கையின் பையில் ஒரு சின்ன வில்லை தொங்கியது. தாயும் குழந்தையும் இருக்கிற படம். 2006லிருந்து வழக்கத்தில் உள்ள அடையாளமாம். வயிறு தெரியாத மூன்றாம் மாதத்திலும் 'இவள் கர்ப்பிணி' என்று மற்றவர்கள் தெரிந்துகொள்ளலாம். மசக்கையில் தலை சுற்றும்போதுதானே உட்கார இடம் வேண்டும்!

ஆனால் எல்லாவற்றையும்விட என் மனதைத் தொட்டது ஒரு சின்னப் புத்தகம். கர்ப்பம் என்று நகராட்சியில் பதிவு செய்ததுமே 'தாய்–சேய் கையேடு' ஒன்று தருகிறார்கள். 1942ல், யுத்த காலத்தில், கர்ப்பிணிகளுக்கென்று ஒரு கையேடு வந்தது. அதைக் காட்டினால் ரேஷனில் கூடுதலாகக் கிடைக்கும். 1948லிருந்து அது தாய்க்கும் குழந்தைக்கும் சேர்ந்த புத்தகமாயிற்று. பரிசோதனைகள், பிரசவ விவரம், குழந்தையின் எடை, போட்ட தடுப்பூசிகள் என்று பள்ளிக்கூடம் சேரும் வயது வரைக்கும் எழுதி வைக்கலாம். தாய் தன் மனதில் பட்டதை எழுதவும் அதில் இடம் விட்டிருக்கிறார்கள்.

அதைப் பார்த்ததும் எனக்கு என் மூத்தவன் ஞாபகம் வந்தது. நாலு வயதில் துருப்பிடித்த தகரத்தில் காலை வெட்டிக்கொண்டான். "கடைசி ஊசி எப்போ போட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார். வீடு மாற்றியபோது அட்டையை எங்கேயோ தொலைத்திருந்தேன். பெற்ற தாய், பதில் சொல்லத் தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அந்தக் கையேட்டில் ஏழு நிறங்கள் அச்சிட்ட ஓர் அட்டை உண்டு. 2012லிருந்து சேர்த்திருக்கிறார்கள். குழந்தையின் மலத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மலம் வெளிறிச் சுண்ணாம்பு போலவோ, வெளிர் மஞ்சளாகவோ போனால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். பித்தநாளம் அடைத்திருந்தால், மலத்துக்கு நிறம் கொடுக்கும் பித்தநீர் குடலுக்கு வராது. இதற்கான அறுவை சிகிச்சையை 1950களில் கண்டவர் மோரியோ கசாய் என்ற ஜப்பானிய டாக்டர்தான். இரண்டு மாதத்துக்குள் செய்துவிட்டால் பலன் அதிகம் என்கிறார்கள். நம் வீடுகளில், "பால் குடிக்கிற குழந்தை, வெளுப்பாத்தான் போகும்" என்று சொல்லி விட்டுவிடுவோம். அப்படி விடக்கூடாது. பிறந்த குழந்தைக்குக் காமாலை வருவது சகஜம்தான். ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் கண் மஞ்சளாக இருந்தால் காட்டிவிடுங்கள்.

பெண் குழந்தை பிறந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். வீட்டுக்கு வந்ததும் காலை நீட்டி உட்கார்ந்து, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட நான் தயார். "அக்கா, மூக்கிலே காதிலே எண்ணெய் விடாதே, ஊதாதே" என்று தடுத்துவிட்டாள். நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி, சின்னத் தொட்டியில் குழந்தையின் மேல் மெல்லிய துணியைப் போர்த்தி இறக்கினாள். துணி மேலே கிடப்பதால் குழந்தை திடுக்கிடவில்லை, வீறிட்டு அழவும் இல்லை. எனக்குக் கொஞ்சம் ரோஷம்தான். அப்புறம் நானும் அப்படியே செய்யக் கற்றுக்கொண்டேன்.

தொப்புள்கொடி காய்ந்து விழுந்த அன்று, ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த சின்ன மரப்பெட்டியைத் தங்கை எடுத்து வந்தாள். கொடியை அதில் பத்திரப்படுத்தி வைப்பது அந்த ஊர் வழக்கம். எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் இருவர் கொடியையும் அம்மா வெள்ளித் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டியிருந்தாள். "அம்மா இருந்தா இதைத்தான் செய்வா, இல்லே?" என்றாள் தங்கை. இருவருமாகக் கொஞ்ச நேரம் அழுதோம். பிறகு நான் பூண்டு உரிக்கப் போய்விட்டேன்.

சகோதரிகளே, நம் ஊரிலும் இப்போது தாய்–சேய் அட்டை தருகிறார்கள். அதை அரிசி டின்னுக்கு அடியில் போட்டுவிடாதீர்கள். அதோடு ஒரு நோட்டு வாங்குங்கள். ஊசி போட்ட தேதி, வந்த காய்ச்சல், ஒத்துக்கொள்ளாத மருந்து, முதல் பல், முதல் வார்த்தை எல்லாம் எழுதி வையுங்கள். நாளைக்கு உங்கள் மகள் தாயாகும்போது அந்த நோட்டு அவள் கையில் இருக்கட்டும்.