ஒரு கையில் பட்டயம், மறு கையில் பட்டா

மும்பையின் தானே கடற்கழியில் 6,500 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஒன்றிய பாஜக அரசு அதைத் தன் சாதனையாகப் பறைசாற்றியது. அதே அரசுதான் 2024இல் காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளின் உப்பள நிலத்தில் 255.9 ஏக்கரைத் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்திற்காக மகாராஷ்டிர அரசுக்கு மாற்ற ஒப்புதல் அளித்தது.

ஈரானின் ராம்சர் நகரில் 1971 பிப்ரவரி 2 அன்று உருவான உடன்படிக்கையில் இந்தியா 1982இல் இணைந்தது. அதன் வகைப்பாட்டில் உப்பளமும் ஈரநிலமே. ஆனால் வாக்கு மீறும் அரசைத் தண்டிக்கும் அதிகாரம் அவ்வுடன்படிக்கைக்கு இல்லை. உள்நாட்டுச் சட்டமே காவல். மோடி அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளோ, உப்பு உற்பத்திக்கென அமைக்கப்பட்டவற்றை ஈரநில வரையறையிலிருந்தே விலக்கி வைத்துள்ளன. வேலியைப் பிடுங்கிவிட்டுக் காவலைப் பற்றிப் பேசுகிறார்கள்!

இதனால் ஆதாயம் யாருக்கு? திட்ட நிறுவனத்தில் அதானி குழுமத்தின் பங்கு 80 விழுக்காடு, மாநில அரசின் பங்கு 20 விழுக்காடு. 2000 ஜனவரி 1க்குப் பின் குடியேறியோரும், மாடி அறைகளில் வாழ்வோரும் தாராவிக்குள் இலவச வீடு பெறத் ‘தகுதியற்றவர்கள்’. தோல் பட்டறையிலும் தையற்கூடத்திலும் இட்லித் தொழிலிலும் உழைத்து அந்த மண்ணுக்கு மதிப்பேற்றிய மக்கள் உப்பளத்திற்கும் தேவனார் குப்பைமேட்டிற்கும் அனுப்பப்படுவார்கள். நகரின் நடுவே விடுபடும் நிலம் லாபத்திற்குப் போகும்.

“ஏழைக்கு வீடு வேண்டாமா? பூநாரைதான் முக்கியமா?” எனக் கேட்கிறார்கள். உப்பளமும் அலையாத்திக் காடும் மழைநீரையும் கடலேற்றத்தையும் தாங்கும் நிலங்கள். மித்தி ஆற்றங்கரைச் சதுப்பை மேடாக்கித்தான் பாந்த்ரா–குர்லா வணிக வளாகம் எழுந்தது. 2005 ஜூலை 26 அன்று 944 மி.மீ. மழை கொட்டியபோது வெள்ளம் முதலில் புகுந்தது குடிசைகளில்தான். இன்றும் கனமழை பெய்தால் சுனாபட்டி, குர்லா தண்டவாளங்கள் மூழ்கி ஹார்பர் ரயில் நிற்கிறது; கூலியை இழப்பவர் தொழிலாளியே. தாழ்நிலத்தில் குடியமர்த்தப்படும் ஏழைக்குக் கிடைப்பது வீடல்ல, அடுத்த வெள்ளம்.

தாராவியின் நிலம் தாராவி மக்களுக்குப் போதாது என்பது பொய். லாபத்திற்கு ஒதுக்கிய பின்புதான் அது போதாமல் போகிறது. ஆகவே வீட்டுரிமையும் ஈரநிலமும் ஒரே போராட்டத்தின் இரு முனைகள். தாராவி, மாட்டுங்கா, செம்பூர், சுனாபட்டித் தமிழ்த் தொழிலாளர்கள் கோலி மீனவர்களோடு தோள் சேர வேண்டும். தகுதிப் பிரிவினையை ரத்து செய்! அனைவருக்கும் தாராவியிலேயே வீடு கொடு! உப்பளத்தை உப்பளமாக விடு!