ரப்பர் மவுண்டை எடுத்துவிட்டு வெல்டிங் வைக்கலாமா?

கேள்வி: ‘ஏலத்தோட்டத்துக்கு ஆட்களையும் உரத்தையும் ஏற்றிப்போக ஒரு பழைய டீசல் ஜீப் வைத்திருக்கிறோம். அதில் இருந்த மூன்று கியர் பெட்டியைக் கழற்றிவிட்டு, நான்கு கியர் பெட்டி மாட்டினோம். டிரான்ஸ்ஃபர் கேஸ் பழையதுதான். அதன்பிறகு அடியில் உள்ள ரப்பர் மவுண்ட் இரண்டு முறை கிழிந்துவிட்டது. பெட்டியை நேராகச் சட்டத்தோடு வெல்டிங் வைத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?’ – ஒரு வாசகர், போடி.

பதில்: வெல்டிங் வைக்க வேண்டாம். ரப்பர் கிழிவது நோயல்ல. நோய் இருப்பதைக் காட்டும் காய்ச்சல். கியர் பெட்டி தப்பான கோணத்தில் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

மேடு பள்ளத்தில் ஏறும்போது ஜீப்பின் சேஸ் முறுக்கிக்கொண்டுதான் போகும். எஞ்சின், கியர் பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றும் ஒன்றோடொன்று இறுக்கிய ஒரே உடம்பு. அந்த உடம்பு முன்னால் இரண்டு ரப்பர், பின்னால் ஒரு ரப்பர் என்று முக்காலிபோல் உட்கார்ந்திருப்பதால்தான் சேஸின் முறுக்கு அதற்குள் போவதில்லை. வெல்டிங் வைத்தால், அந்த முறுக்கு முழுவதும் வார்ப்பிரும்புப் பெட்டியின் காதில் இறங்கும். ரப்பருக்குப் பதில் பெட்டியின் காதோ, பெல் ஹவுசிங்கோ விரிசல் விடும்.

ரப்பர் தாங்கும் விசையும் சின்னதல்ல. எஞ்சின் தரும் முறுக்கு, ஒரு மீட்டர் கடப்பாரையின் நுனியில் 12 கிலோ தொங்கவிட்டதற்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். முதல் கியரில் அது 4 மடங்காகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ போட்டால் இன்னும் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ஆக, அதே கடப்பாரை நுனியில் 120 கிலோ! பாரத்தோடு ஏற்றத்தில் கிளட்சைச் சட்டென்று விட்டால் இந்த விசை முழுவதும் பெட்டியைப் புரட்டப் பார்க்கும். இதைத் தடுக்கத்தான் பழைய ஜீப்களில் டிரான்ஸ்ஃபர் கேஸின் பக்கவாட்டில் தனியாக ஒரு தடுப்பு ரப்பர் வைத்திருப்பார்கள். பெட்டி மாற்றும் வேலையில் அதை ‘இது எதற்கு?’ என்று விட்டுவிடுவதுண்டு. உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று முதலில் குனிந்து பாருங்கள். முன்பக்க எஞ்சின் ரப்பர்களையும் பாருங்கள். அவற்றில் ஒன்று செத்திருந்தாலும் பின் ரப்பர்தான் அடி வாங்கும்.

அடுத்தது கோணம். நான்கு கியர் பெட்டி நீளம் கூடியதாக இருந்தால், டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னுக்குத் தள்ளிப்போகும். பின் புரொப்பல்லர் ஷாஃப்டைக் குறைக்க வேண்டியிருக்கும். இரு முனைக்கும் உயர வித்தியாசம் 15 செ.மீ. என்றால், 60 செ.மீ. ஷாஃப்ட் சுமார் 14½ டிகிரி சரிவில் நிற்கும். அதையே 50 செ.மீ. ஆக்கினால் 17½ டிகிரி. சரிவு கூடக்கூட யு.ஜே. கிராஸ் தேயும், அதிர்வு கூடும். அதிர்வைக் குறைக்க, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் ஃபிளாஞ்சும், பின் ஹவுசிங்கின் பினியன் ஃபிளாஞ்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் கூடாது. செல்போனில் உள்ள மட்டம் பார்க்கும் வசதியே இதை அளக்கப் போதும். ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே நேரில் இருக்க வேண்டும். வெட்டிக் குறைத்த ஷாஃப்டை பேலன்ஸ் பார்க்காமல் மாட்டக் கூடாது.

பல பட்டறைகளில் கிராஸ் மெம்பரை முதலில் பொருத்திவிட்டு, அதற்குத் தகுந்தாற்போல் பெட்டியைக் கடப்பாரையால் நெம்பி போல்ட் போடுகிறார்கள். அப்படி நெம்பி மாட்டிய ரப்பர், வண்டி நிற்கும்போதே இழுபட்டுத்தான் இருக்கும். முறை இதற்கு நேர்மாறானது. வண்டி சமதளத்தில் தன் நான்கு சக்கரத்தில் நிற்கட்டும். சக்கரங்களுக்கு முட்டுக்கல் வையுங்கள். பெட்டிக்கு அடியில் ஜாக்கியும் மரக்கட்டையும் கொடுத்து, கோணத்தைச் சரிசெய்த பிறகு, அந்த உயரத்துக்குக் கிராஸ் மெம்பரை அடித்து, சேஸில் போல்ட் போட்டு மாட்டச் சொல்லுங்கள். ரப்பரின் போல்ட் கையாலேயே உள்ளே போக வேண்டும். பெட்டியை எஞ்சினோடு சேர்க்கும்போது, அதன் பாரத்தைக் கிளட்ச் பிளேட்டில் தொங்கவிடக் கூடாது. ஒரு நிமிடம் தொங்கினாலும் பிளேட் கோணிவிடும்.

இதில் இவ்வளவு கறார் எதற்கு என்றால், பல பழைய ஜீப்களில் கைப்பிரேக் டிரம் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கத்தில் இருக்கிறது. கிராஸ் உடைந்து பின் ஷாஃப்ட் கழன்றால், கியரும் கைப்பிரேக்கும் பின்சக்கரத்தைப் பிடிக்காது. மிஞ்சுவது கால்பிரேக் மட்டும். சரிவில் ஆட்களை ஏற்றிக்கொண்டு நிறுத்தியிருக்கும் வண்டி என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. உங்கள் ஜீப்பும் அந்த வகை என்றால், சரிவில் நிறுத்தும்போது சக்கரத்துக்குக் கல் வைக்கும் பழக்கத்தை விட வேண்டாம். ஷாஃப்டுக்கு அடியில் பட்டை இரும்பில் ஒரு வளையம் மாட்டி வைத்தால், கழன்ற ஷாஃப்ட் தரையில் குத்தி வண்டியைத் தூக்கி எறியாது.

வேலை முடிந்ததும், முதல் ஏற்றம் ஏறி வந்த பிறகு இரண்டு பெட்டியிலும் ஆயில் மட்டத்தைத் தனித்தனியாகப் பாருங்கள். சில பழைய ஜீப்களில் கியர் பெட்டி ஆயில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இறங்கிவிடும்.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படியான எந்த மாற்றத்துக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு பொருந்தும். கியர் பெட்டி மாற்றியதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சொல்லி, அனுமதி தேவையா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.