விளக்கும் கைப்பிடியும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டுமா?

புது வீடு கட்டுகிறவர்களுக்கு இப்போது புதிதாக ஒரு கவலை வந்திருக்கிறது. கம்பி, சிமெண்ட், மணல் என்று விலையைப் பார்த்துத் தூக்கம் கெட்டது போக, கூடத்தில் தொங்கும் விளக்கின் உலோக நிறமும் சமையலறை அலமாரிக் கைப்பிடியின் நிறமும் ஒத்துப்போகிறதா என்பதற்கும் தூக்கம் கெடுகிறது. விளக்கு தங்க நிறம் என்றால் கைப்பிடி, கீல், குழாய், துண்டு போடும் கம்பி வரை எல்லாம் தங்க நிறமாக இருக்க வேண்டுமாம். பட்டணத்துப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். ராயகிரியிலும் வந்துவிட்டது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருத்தம் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பொருத்தத்துக்காக வீட்டிலுள்ள நல்ல பித்தளையைப் பழைய சாமான் கடைக்குப் போடுவதும், வீட்டுப் பெரியவர்கள் கண்ணுக்கும் கைக்கும் அகப்படாத கைப்பிடிகளை மாட்டுவதும் சரியில்லை.

நான் படித்தது பிரெஞ்சு வழியில் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் 'அஸோர்த்தி' என்று ஒரு சொல் உண்டு. ஒன்றுக்கொன்று பொருத்தமானது என்று பொருள். சட்டைக்கேற்ற டை என்றால் அது 'அஸோர்த்தி'. இதே சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய் 'அசார்ட்டட்' ஆயிற்று. அசார்ட்டட் பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் வட்டம், சதுரம், கிரீம் வைத்தது, சர்க்கரை தூவியது என்று ஏழெட்டு வகை இருக்கும். ஒன்றுபோல் இன்னொன்று இராது. ஆனாலும் ஒரே டப்பாவில் சேர்ந்து இருக்கும். வீட்டு உலோகப் பொருத்தம் இந்த இரண்டாவது வகையாக இருந்தால் போதும் என்பதுதான் என் வாதம்.

நம் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். கதவுக்கு இரும்புக் கீல், பித்தளை வளையம், மர அலமாரிக்கு மரக்குமிழ், பூஜை அறையில் பித்தளைக் குத்துவிளக்கு, அடுக்களையில் வெண்கலப் பானை. மின்சாரம் வந்த பிறகு பித்தளை ஹோல்டரும் கறுப்பு பேக்கலைட் சுவிட்சும் சேர்ந்தன. நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்கும் திண்டுக்கல் பூட்டுக்கும் இன்று புவிசார் குறியீடு இருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருந்தவைதான். விளக்குக்கும் பூட்டுக்கும் நிறப் பொருத்தம் யாரும் பார்த்ததில்லை. செட்டிநாட்டு மாளிகைகளில் பர்மா தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடி ஓடு, பித்தளை, இரும்பு எல்லாம் கலந்துதான் கிடக்கின்றன. அவற்றைப் பார்க்க இன்று வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறது.

பிறகு எவர்சில்வர் காலம் வந்தது. தெருவில் கூவிக்கொண்டு வந்தவனிடம் தவலையையும் அண்டாவையும் எடைக்குப் போட்டு, எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வாங்கிய தலைமுறை நம்முடையது. அன்று உண்மையான பித்தளையை வீட்டைவிட்டு அனுப்பினோம். இன்று பித்தளை நிறம் பூசிய சாமானைக் கடன் வாங்கி வீட்டுக்குள் அழைத்து வருகிறோம்.

'நிறம் பூசிய' என்று தெரிந்துதான் சொல்கிறேன். கடையில் 'பிராஸ் பினிஷ்' என்றால் பித்தளை என்று அர்த்தமில்லை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். கடையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை துத்தநாகக் கலவையிலோ இரும்பிலோ அலுமினியத்திலோ வார்த்து, மேலே முலாம் பூசியவை. 'பி.வி.டி.' என்கிறார்களே, அது வெற்றிடத்தில் உலோக ஆவியை மெல்லிய படலமாகப் படிய வைக்கும் முறை. டைட்டானியம் நைட்ரைடு என்ற பொருள் அப்படிப் படிந்தால் தங்கம்போல் இருக்கும். அது நல்ல உழைப்பு உழைக்கும். சாதாரண முலாமோ கை படும் இடத்தில் தேய்ந்து, உள்ளிருப்பதைக் காட்டிவிடும். ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாவிட்டாலும் பித்தளை என்று நிச்சயமில்லை, துத்தநாகமும் ஒட்டாது. கையில் எடுத்து எடை பார்க்க வேண்டும், முலாம் படாத திருகுத் துளைக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. ஒரு கம்பெனியின் தங்க நிறமும் மற்றொரு கம்பெனியின் தங்க நிறமும் ஒன்றல்ல. விளக்கு ஒரு கடையில், கைப்பிடி ஒரு கடையில் வாங்கினால், 'ஆன்டிக் கோல்ட்' என்ற ஒரே பெயரில் ஒன்று மஞ்சளாகவும் ஒன்று சிவப்பாகவும் இருக்கும். கிட்டத்தட்டப் பொருந்துவது, பொருந்தாமலே இருப்பதைவிட உறுத்தலாகத் தெரியும். அதற்குத் துணிந்து இரண்டு நிறமாகவே வைத்துவிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உலோகத்தின் நிறத்தைத் தீர்மானிப்பது அதன்மேல் விழும் வெளிச்சம். எல்.இ.டி. பல்பின் அட்டைப் பெட்டியைப் பாருங்கள், 3000, 4000, 6500 என்று ஓர் எண்ணும் பக்கத்தில் 'கே' என்ற எழுத்தும் இருக்கும். 3000 மஞ்சள் வெளிச்சம், பழைய குண்டு பல்பு மாதிரி. 6500 நீலம் கலந்த வெள்ளை. நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் இதுதான் எரிகிறது. அதன் கீழ் பித்தளை வெளிறிப்போய்ப் பச்சைச் சாயல் காட்டும். எவர்சில்வர் பளிச்சென்று இருக்கும். மஞ்சள் வெளிச்சத்தில் பித்தளை உயிரோடு தெரியும். ஆகவே விளக்கின் சட்டத்தைப் பார்க்குமுன் அதில் மாட்டப்போகும் பல்பைப் பாருங்கள். கைப்பிடியில் ஒன்றே ஒன்றை மாதிரிக்கு வாங்கிவந்து, ராத்திரி ஏழு மணிக்கு உங்கள் வீட்டு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மிச்சத்தை வாங்குங்கள்.

இப்போது வயதானவர்கள் விஷயம். போன வருஷம் உறவில் ஒரு புது வீட்டுக்குப் போயிருந்தோம். வெள்ளைச் சுவர், வெள்ளை அலமாரி, கைப்பிடியும் தெரியாதபடி வெள்ளை, மேலே வெள்ளை விளக்கு. பார்க்க அழகுதான். என் மதினிக்கு எண்பது ஆகப்போகிறது. காப்பித்தூள் எடுக்கப் போனவர்கள் அலமாரியைத் தடவிக்கொண்டே நின்றார்கள். "தம்பி, இதை எங்க பிடிச்சு இழுக்கணும்? சுவரா கதவான்னே தெரியலையே" என்றார்கள். எல்லாரும் சிரித்தோம், அவர்களும் சிரித்தார்கள். ஆனால் அன்றைக்கு முழுதும் அடுக்களைப் பக்கம் அவர்கள் மறுபடி போகவில்லை. அறுபது வருஷம் அடுக்களையை ஆண்டவர்கள்.

வயது ஏற ஏறக் கண் வில்லை மஞ்சளாகும், அதிக வெளிச்சம் தேவைப்படும், ஒரே நிறச் சாயல்களைப் பிரித்துப் பார்க்கும் திறன் குறையும். அதனால் கைப்பிடி கதவிலிருந்து வேறு நிறமாகத் தெரிவதுதான் நமக்குப் பொருத்தம். வெள்ளைக் கதவுக்குக் கறுப்போ பித்தளையோ, மர நிறக் கதவுக்கு எவர்சில்வர். மூட்டுவலிக்காரர்களுக்குச் சிறு குமிழ் ஆகாது. நாலு விரலும் உள்ளே நுழையும் வளைந்த கைப்பிடி வேண்டும். மினுமினுக்கும் பாலிஷில் விளக்கு எதிரொளித்துக் கண் கூசும். மங்கலான 'மேட்' நல்லது.

"சார், பார்க்க ஒரே சீராக இருந்தால் மனசுக்கு நிம்மதிதானே?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயம்தான். பத்துவிதமாக இருந்தால் கடைவீதி மாதிரி இருக்கும். அதற்கு நான் சொல்வது: ஒரு வீட்டுக்கு இரண்டு உலோக நிறம் போதும். ஓர் அறையில் ஒன்று தலைமை தாங்கட்டும், மற்றது உதவிக்கு இருக்கட்டும். கையால் தொடுவதெல்லாம் ஒரு நிறம், தலைக்கு மேல் தொங்குவதெல்லாம் ஒரு நிறம் என்று பிரித்தால் கணக்கு சுலபம். பழைய வீட்டிலிருந்து வந்த பித்தளை வளையமோ தாழ்ப்பாளோ இருந்தால், அதையே தலைமையாக வைத்துப் புதியதை அதற்கு ஏற்ப வாங்கலாம். சாரல் காலத்தில் பித்தளை கறுக்கும், களிம்பு பிடிக்கும். புளி போட்டுத் தேய்த்தால் போயிற்று. ஆனால் மேலே லாக்கர் பூசிய புதுப் பித்தளையைப் புளியால் தேய்க்க வேண்டாம், பூச்சு உரிந்து திட்டுத் திட்டாகிவிடும். ஈரத்துணி போதும்.

கடைசியாக ஒரு யோசனை. கைப்பிடி வாங்கும்போது இரண்டு திருகுத் துளைகளுக்கு நடுவே உள்ள தூரத்தைக் குறித்து வையுங்கள். 96, 128, 160 மில்லிமீட்டர் என்ற அளவுகள்தான் அதிகம் புழக்கத்தில் உள்ளவை. அந்த அளவில் இருந்தால், நாளைக்கு நிறம் பிடிக்காவிட்டாலும் கதவில் புதுத் துளை போடாமல் கைப்பிடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். விளக்கையும் அப்படியே. மாற்றக்கூடிய பொருளுக்காக இவ்வளவு கவலை வேண்டாம். பழைய பித்தளையைக் கடைக்குப் போட்டுவிட்டால் திரும்ப வராது. பெரியவர்களுக்கு அந்த வீடு அந்நியமாகிப் போனாலும் அப்படித்தான். பட்ஜெட் போடும்போது இந்த இரண்டையும் முதல் வரியில் எழுதுங்கள். நிறப்பொருத்தம் கடைசி வரியில் இருக்கட்டும்.