பந்து உதைக்கும் பெண்பிள்ளை

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்தப் பந்து?"

உசிலம்பட்டிப் பக்கம் இப்படிக் கேட்கும் வீடுகள் உண்டு. கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. பெற்ற மனதின் கவலை அப்படிப் பேச வைக்கிறது. அந்தக் கவலைக்குப் பதில் சொல்கிறது ஒரு பெண்ணின் வாழ்க்கை.

அவர் பெயர் சபித்ரா பண்டாரி. நேபாள நாட்டில் லம்ஜுங் என்ற மலை மாவட்டத்தில் 1996-ம் ஆண்டு பிறந்தவர். கால்பந்தில் கெட்டிக்காரி. அந்த நாட்டு ஆயுதப் போலீஸ் படையின் அணியில் ஆடினார்.

பிறகு யாருக்காக ஆட வந்தார் தெரியுமா? மதுரை அணிக்காக! ஆம், உசிலம்பட்டி மக்கள் சாமான் வாங்கப் பஸ் ஏறிப் போகும் அதே மதுரைதான். அங்குள்ள சேது அணி, 2019-ல் இந்தியப் பெண்கள் லீக் போட்டியில் கோப்பையை வென்றது. லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று தோற்கடித்தது.

அத்துடன் சபித்ரா நிற்கவில்லை. 2020-ல் கேரளத்தின் கோகுலம் அணியில் ஆடி, மீண்டும் கோப்பை வென்றார். அப்புறம் இஸ்ரேலுக்குப் போனார். 2024-ல் பிரான்ஸ் நாட்டின் கங்காம் அணியில் சேர்ந்தார். மலைக் கிராமத்துப் பெண், கால் திறமையால் கடல் கடந்தார்!

நேபாளத்துப் பெண்ணால் முடிந்தது தமிழ்ப் பெண்ணால் முடியாதா? கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர். தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர் வேலையும் அவருக்குக் கிடைத்தது. பந்து சோறு போடாது என்று இனி யார் சொல்வது?

ஆனாலும் எச்சரிக்கை வேண்டும். ஆட்டக்காரரின் காலம் குறுகியது. முழங்காலில் பலமாக அடிபட்டால் மாதக்கணக்கில் ஆட முடியாது. ஆகவே படிப்பை விடக் கூடாது. "வெளிநாட்டில் ஆட வைக்கிறேன், பணம் கொடு" என்று வருபவரை நம்பவே கூடாது. ஐவரி கோஸ்ட் போன்ற ஆப்பிரிக்க நாடுகளில் நிலத்தை விற்றுத் தரகர்களிடம் கொடுத்து, பிள்ளைகள் ஐரோப்பாவில் தெருவில் நின்ற கதைகள் உண்டு. உண்மையான கிளப், ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுக்கும். அவரிடம் பணம் கேட்காது. சம்பளம், காலம், வைத்தியச் செலவு எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

உசிலம்பட்டிக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. 1986-ல் பெண் சிசுக்கொலைச் செய்தியால் இந்த வட்டாரத்தின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. அன்று பெண் பிறந்தாலே பாரம் என்றார்கள். இன்று இங்கே பெண்கள் பள்ளிக்கூடம் போகிறார்கள், கல்லூரி போகிறார்கள். ஆனால் வயதுக்கு வந்ததும் மைதானத்தின் வாசல் மட்டும் பலருக்கு அடைபட்டு விடுகிறது.

அந்த வாசலைத் திறக்கப் பெரிய செலவு இல்லை. ஊருக்கு ஒரு திடல், ஒரு பந்து, மாலையில் ஒரு மணி நேரம், கூட நிற்க ஓர் ஆசிரியை. பஞ்சாயத்தும் பள்ளியும் மனது வைத்தால் போதும்.

எல்லாப் பெண்களும் பிரான்ஸ் போக மாட்டார்கள். போக வேண்டியதும் இல்லை. உடலில் பலமும் மனதில் துணிவும் கொண்டு வீடு திரும்பினாலே அது வெற்றிதான்.

நாளை மாலை மகள் பந்தை எடுத்தால், அம்மா தடுக்க வேண்டாம். "போய் ஆடிட்டு, இருட்டுறதுக்குள்ள வந்துரு தாயி" என்று சொல்லட்டும்!